கொதிநீர்த் தொட்டியில் வளைந்துபோகும் அச்சுப் பாகங்கள்: பட்டு நூற்பு இயந்திரத்துக்கு எந்த பிளாஸ்டிக் தாங்கும்?

பாலக்கோடு பணிமனை (கேள்வி)

வணக்கம். தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் சிறிய பழுதுபார்ப்புப் பணிமனை நடத்துகிறேன். இயந்திரவியலில் டிப்ளமோ படித்திருக்கிறேன்; வேதியியல் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஃபிலமென்ட் எனும் பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காக இடும் முப்பரிமாண அச்சு இயந்திரம் ஒன்றை வாங்கினேன். தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் கூடு ஏலம் எடுக்கும் நூற்பாளர்கள் சிலர் என் வாடிக்கையாளர்கள். அவர்களுடைய பலமுனை நூற்பு இயந்திரங்கள் பழையவை. உதிரிப்பாகம் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே தேய்ந்த பாகத்தை அளந்து, கணினியில் வரைந்து, அச்சிட்டுக் கொடுக்கிறேன்.

இரண்டு பாகங்கள் மட்டும் எனக்கு அடங்காமல் இருக்கின்றன. முதலாவது, கூடு வேகவைக்கும் தொட்டியிலிருந்து கூடுகளை அள்ளி, இழை எடுக்கும் தொட்டிக்கு மாற்றும் துளையிட்ட கரண்டி. பழைய பித்தளைக் கரண்டியின் துளை விளிம்புகளில் இழை சிக்கி அறுகிறது, கைப்பிடியும் சுடுகிறது என்பதால் பிளாஸ்டிக்கில் கேட்டார்கள். பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கில் அச்சிட்டுக் கொடுத்தேன். மூன்றாவது முறை முக்கி எடுத்தபோது அது வாடிய வெற்றிலையைப் போலத் தொங்கியது. பெட்-ஜி ஃபிலமென்ட்டில் அச்சிட்டது இரண்டு நாள் ஓடியது. பிறகு கைப்பிடி சேரும் கழுத்து மெல்ல மெல்லச் சாய்ந்து, கரண்டி கவிழ்ந்துகொண்டது.

இரண்டாவது, இழை எடுக்கும் தொட்டிக்கு மேலே, புதுக் கூட்டின் இழை முனையை ஓடும் நூலோடு சேர்த்துவிடும் சுழல் வளையத்தை ஓட்டுகிற சிறு பல்சக்கரம். வெளிவிட்டம் 40 மில்லிமீட்டர். இதை நைலானில் அச்சிட்டேன். அச்சிடும்போது நாசிலில் (உருகிய பிளாஸ்டிக் வெளிவரும் முனையில்) படபடவென்று பொரிகிற சத்தம் கேட்டது. பாகத்தின் மேற்பரப்பு குமிழ் குமிழாக இருந்தது. அரத்தால் தேய்த்துப் பொருத்தினேன். ஒரு வாரத்தில் பற்கள் இறுகி, அச்சுத்தண்டு மட்டும் துளைக்குள் தளர்ந்துவிட்டது. கடைசியில் ஒரு பல், அடுக்கின் வழியாகவே தகடு பிரிவதைப் போலப் பிரிந்தது.

எனக்குப் புரியாதது இதுதான். பி.எல்.ஏ.வின் உருகுநிலை 150 டிகிரிக்கு மேல் என்று போட்டிருக்கிறது. பெட்-ஜி-யை 240 டிகிரியில்தான் நாசிலில் உருக்குகிறேன். அப்படியிருக்க 95 டிகிரித் தண்ணீர் இவற்றை எப்படி வளைக்கிறது? நைலான் 220 டிகிரியில்தான் உருகும் என்கிறார்கள். கரண்டியையும் நைலானில் அச்சிட்டால் சரியாகிவிடுமா? ஃபிலமென்ட் விற்பவர் ஒருவர், பி.எல்.ஏ.வையே அச்சிட்ட பிறகு சூடான அடுப்பில் வைத்துப் பதப்படுத்தினால் கொதிநீரைத் தாங்கும் என்றார். வாடிக்கையாளர் ஒருவர், கூடு உலர்த்தும் சூடான காற்று அறையில் நைலானை வைத்து உலர்த்திக்கொள்ளலாம் என்றார். இவற்றில் எது சரி, ஏன் சரி என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடன் இருப்பேன்.

ஓசூர் வார்ப்புக்கூடம்

வணக்கம். ஓசூரில் பிளாஸ்டிக் ஊசிவார்ப்புப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கு நேரடியான பதில் உண்டு. பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டிய எண் உருகுநிலை அல்ல, கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை. அதற்குக் கீழே பலபடியின் (பாலிமரின்) நீண்ட சங்கிலிகள் நகர முடியாமல் உறைந்து நிற்கின்றன. பொருள் கண்ணாடியைப் போல விறைப்பாக இருக்கிறது. அதைத் தாண்டினால் சங்கிலித் துண்டுகள் அசையத் தொடங்குகின்றன. பொருள் உருகுவதில்லை, ஆனால் ரப்பரைப் போல இளகிவிடுகிறது. பி.எல்.ஏ.வுக்கு இது 55 முதல் 60 டிகிரி. பெட்-ஜி-க்கு ஏறத்தாழ 80 டிகிரி. உங்கள் தொட்டி இரண்டையும் தாண்டி நிற்கிறது. தர்மபுரி கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கே தண்ணீர் 100 டிகிரியை எட்டுவதற்குச் சற்று முன்பே கொதித்துவிடும். ஆனாலும் அந்த ஒரு டிகிரி உங்களுக்கு உதவாது.

பெட்-ஜி-யைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தண்ணீர் பாட்டிலில் இருக்கும் பெட் பிளாஸ்டிக் படிகமாகக்கூடியது. அதன் எத்திலீன் கிளைக்காலில் ஒரு பகுதிக்குப் பதிலாக, வளைய வடிவமுள்ள பருமனான வேறொரு டையாலைச் சேர்த்துத்தான் பெட்-ஜி தயாரிக்கிறார்கள். அந்தப் பருமனான வளையங்கள் சங்கிலிகளை ஒழுங்காக அடுக்கவிடாமல் தடுப்பதால், அது படிகமாவதில்லை, அச்சிடுவதும் எளிதாகிறது. அதே காரணத்தால், 80 டிகிரியைத் தாண்டினால் அதைத் தாங்கிப் பிடிக்க உள்ளே படிகம் எதுவும் இருப்பதில்லை. உங்கள் கரண்டியின் கழுத்து சாய்ந்தது அதனால்தான். முக்கி எடுப்பது சில விநாடிகள்தான் என்பதால் இரண்டு நாள் தாக்குப்பிடித்திருக்கிறது.

ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக் ஏறத்தாழ 105 டிகிரி வரை விறைப்பாக நிற்கும். உங்கள் வேலைக்கு அது விளிம்பில் நிற்கும் பொருள். நான் பரிந்துரைக்க மாட்டேன். பாலிகார்பனேட்டின் கண்ணாடி நிலைமாற்றம் 147 டிகிரியை ஒட்டியது. உங்கள் இயந்திரத்தில் அதை அச்சிட முடியுமானால் கரண்டிக்கு அதையே பயன்படுத்துங்கள் என்பேன்.

பல்சக்கரத்தைப் பற்றி என் கருத்து வேறு. அதை அச்சிடவே வேண்டாம். டெல்ரின் என்ற பெயரில் கிடைக்கும் அசிட்டால் கம்பியை வாங்கிக் கடைசலில் கொடுத்து, பல் வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். ஓசூரில் அந்த வேலை செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. அசிட்டால் 175 டிகிரியை ஒட்டி உருகும் படிகப் பலபடி. தண்ணீரில் முழுக ஊறினாலும் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே நீரை ஏற்கும், உராய்வும் குறைவு. அச்சு இயந்திரம் கையில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் அதில் செய்ய வேண்டியதில்லை.

நூற்பாளர், பென்னாகரம் சாலை

தம்பி, இயந்திரத்தோடு தினமும் இருப்பவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்கிறேன். பிளாஸ்டிக்கைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும்.

இரண்டு தொட்டிகளின் சூடும் ஒன்றல்ல. கூடு வேகும் தொட்டியில்தான் 95 டிகிரி வரும். இழை எடுக்கும் தொட்டியில் 40 முதல் 45 டிகிரிதான். வேலை செய்யும் பெண்கள் நாள் முழுவதும் அந்தத் தண்ணீரில் கைவிட்டுத்தான் இழை முனையைப் பிடிக்கிறார்கள். ஆகவே உங்கள் பல்சக்கரத்துக்குக் கொதிநீர் படுவதில்லை. அதற்குப் படுவது நீராவி, தெறிக்கும் தண்ணீர், கரைந்த பசை ஆகியவை. எங்கள் பக்கத்துத் தண்ணீர் கடினத்தன்மை கொண்டது என்பதால் உப்பும் படியும். பல் இடுக்கில் வெள்ளையாகப் படிந்து இறுகுவதை நானே சுரண்டி எடுத்திருக்கிறேன். பல் இறுகியதற்குப் பிளாஸ்டிக்கை மட்டும் காரணமாகச் சொல்லிவிடாதீர்கள். ஒருமுறை கழற்றிக் கழுவிப் பாருங்கள்.

வெந்த கூட்டிலிருந்து புழுவின் எண்ணெயும் கொஞ்சம் வெளிவரும். தண்ணீரின் மேல் கண்ணாடிப் படலம் போல மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். கரண்டியில் அதுவும் ஒட்டும்.

கரண்டி எதில் செய்தாலும், கூடு படுகிற பக்கத்தில் அடுக்குக் கோடுகள் இருக்கக் கூடாது. நீங்கள் கொடுத்த பெட்-ஜி கரண்டியில் விரலால் தடவினால் அரம் போல இருந்தது; கூட்டின் மேல் இருக்கும் பூ இழை அந்தக் கோடுகளில் மாட்டிக்கொண்டது. மேலும், நூல் உரசிச் செல்லும் வழிகாட்டிகளைப் பிளாஸ்டிக்கில் அச்சிட்டுத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம். ஈரப் பட்டு நூல் பிளாஸ்டிக்கை ரம்பம் போல அறுத்துப் பள்ளம் பறிக்கும், அந்தப் பள்ளத்தில் நூலும் அறுகும். அந்த இடத்துக்குப் பீங்கான்தான் சரி.

கிருஷ்ணகிரி வேதியியல் ஆசிரியர்

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். ஓசூர் நண்பர் கண்ணாடி நிலைமாற்றத்தைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அவர் பரிந்துரைத்த பாலிகார்பனேட்டை இந்த வேலைக்கு நான் ஏற்கமாட்டேன். அதன் காரணத்தைச் சொல்வதற்குத் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும்.

உங்கள் தொட்டிக்குள்ளேயே இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. பட்டுக்கூட்டின் இழையில் உள்ளே ஃபைப்ராயின் என்ற புரதமும், அதன் மேல் பசையாகச் செரிசின் என்ற புரதமும் இருக்கின்றன. கூட்டின் இழை எடையில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காடு செரிசின். இரண்டும் அமினோ அமிலங்கள் அமைடு பிணைப்பால் கோக்கப்பட்ட சங்கிலிகளே. நைலானிலும் அதே அமைடு பிணைப்புதான் இருக்கிறது. அப்படியிருந்தும் கொதிநீர் செரிசினை இளக்கிவிடுகிறது, ஃபைப்ராயினை ஒன்றும் செய்வதில்லை. ஃபைப்ராயினில் கிளைசின், அலனின் போன்ற சிறிய அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப வருவதால் சங்கிலிகள் தகடு தகடாக நெருங்கிப் படிகமாகிவிடுகின்றன. அந்தப் படிகத்துக்குள் தண்ணீர் புக இடமில்லை. செரிசினில் நீரை விரும்பும் செரின் மிகுதியாக இருக்கிறது, படிகமோ குறைவு. ஒரே வகைப் பிணைப்பு இருந்தும், சங்கிலிகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதே ஒரு பலபடி சுடுநீரில் நிற்பதையும் இளகுவதையும் தீர்மானிக்கிறது.

இதை நைலானுக்குப் பொருத்திப் பாருங்கள். நீங்கள் சொன்ன 220 டிகிரியில் உருகும் வகையான நைலான் 6-இல் படிகப் பகுதியும் உண்டு, ஒழுங்கற்ற பகுதியும் உண்டு. தண்ணீர் ஒழுங்கற்ற பகுதிக்குள் நுழைந்து, அமைடு தொகுதிகளுக்கு இடையே இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைப் பிரித்துத் தன்னை இடையில் வைத்துக்கொள்கிறது. உலர்ந்த நிலையில் 50 டிகிரியை ஒட்டி இருக்கும் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை, முழுக்க ஊறிய பிறகு பூச்சியத்துக்கும் கீழே போய்விடுகிறது. 220 டிகிரி உருகுநிலை படிகத்துக்கு உரியது. ஒழுங்கற்ற பகுதியைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. எனவே கரண்டியை நைலானில் செய்தால் அது உருகாது, ஆனால் இளகும், வீங்கும்.

வீக்கம்தான் உங்கள் பல்சக்கரத்தின் கதை. நைலான் 6 தண்ணீரில் முழுக ஊறினால் தன் எடையில் 9 முதல் 10 விழுக்காடு வரை நீரை ஏற்கும். நீளம் 2 முதல் 3 விழுக்காடு கூடும். உங்கள் சக்கரம் நீராவியில் பாதி அளவே ஊறியது என்று வைத்துக்கொண்டாலும், 40 மில்லிமீட்டரில் அரை மில்லிமீட்டர் வளர்ந்திருக்கும். பல் இறுகுவதற்கு அது போதும். நடுத்துளை சுருங்கியிருக்க வேண்டும் என்று பலர் நினைப்பார்கள். எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் வீங்கும் பொருளில் துளையும் அதே விகிதத்தில் பெரிதாகும். பல் இறுகியதும் தண்டு தளர்ந்ததும் ஒரே நேரத்தில் நடந்தன என்று நீங்கள் எழுதியதைப் படித்தவுடனேயே இது ஊறல்தான் என்று எனக்குத் தோன்றியது. உப்புப் படிவு பல்லை இறுக்கலாம், துளையை அகலமாக்காது. பிளாஸ்டிக்கில்தான் செய்ய வேண்டும் என்றால் நைலான் 12-ஐப் பாருங்கள். நைலான் 6-இல் ஓர் அமைடுக்கும் அடுத்ததற்கும் இடையே ஐந்து மெத்திலீன் தொகுதிகள் இருக்கின்றன. நைலான் 12-இல் பதினொன்று. தண்ணீர் பற்றிக்கொள்ளும் இடங்கள் குறைவதால் அது ஊறுவதும் 1.5 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. இருந்தாலும், அசிட்டாலில் பல் வெட்டச் சொன்ன ஓசூர் நண்பரின் யோசனை இதைவிடச் சிறந்தது.

இனி, பிணைப்பையே அறுக்கும் தண்ணீரைப் பற்றி. பி.எல்.ஏ.விலும் பெட்-ஜி-யிலும் சங்கிலி எஸ்டர் பிணைப்புகளால் ஆனது. பாலிகார்பனேட்டில் கார்பனேட் பிணைப்பு. இவையெல்லாம் குறுக்கப் பலபடிகள். அதாவது உருவாகும்போது சிறு மூலக்கூறு ஒன்றை வெளியேற்றிக் கோக்கப்பட்டவை. சூடும் தண்ணீரும் சேர்ந்தால் அந்த வினை எதிர்த்திசையில் போகும். அதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். பாலிகார்பனேட் 147 டிகிரி வரை விறைப்பாக நின்றாலும், 60 டிகிரிக்கு மேற்பட்ட தண்ணீரில் தொடர்ந்து வைத்தால் மெல்ல மெல்ல அறுந்து, மயிரிழை விரிசல் விடும். படிகமற்ற பலபடி என்பதால், விறைப்பாக இழுபட்டு நிற்கும் இடங்களில் எண்ணெய் பட்டாலும் விரிசல் கூடும். புழு எண்ணெயைப் பற்றி நூற்பாளர் ஐயா சொன்னது இங்கே முக்கியம்.

பி.எல்.ஏ.வைப் பதப்படுத்துவது பற்றி விற்பனையாளர் சொன்னதில் பாதி உண்மை. பி.எல்.ஏ. மெதுவாகப் படிகமாகும் பொருள். அச்சிடும்போது சட்டென்று குளிர்ந்துவிடுவதால் படிகமாக நேரம் கிடைப்பதில்லை. 80 முதல் 110 டிகிரியில் சிறிது நேரம் வைத்திருந்தால் படிகம் வளரும். அதன் பின் கொதிநீரில் முக்கினாலும் உடனே வளையாது, ஆனால் அளவு சுருங்கும். சொல்லாமல் விட்ட பாதி, எஸ்டர் பிணைப்பு. தொழில்முறைக் கம்போஸ்ட் குவியலில் பி.எல்.ஏ. மட்குவதைச் சோதிக்க 58 டிகிரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதன் கண்ணாடி நிலைமாற்றத்தை ஒட்டிய அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் நீராற்பகுப்பு வேகமாக நடக்கிறது. உங்கள் தொட்டி 95 டிகிரி. அறுந்த முனை ஒவ்வொன்றிலும் ஓர் அமிலத் தொகுதி உருவாகி, அதுவே அடுத்த அறுப்பை விரைவுபடுத்தும். மட்குவதற்கென்றே பொருத்தமான ஒரு பொருளை அதற்கு மிகவும் பிடித்த சூழலில் வைக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது.

நாசிலில் கேட்ட பொரியும் சத்தமும் தண்ணீரே. ஃபிலமென்ட்டில் இருந்த ஈரம் ஆவியாகிக் குமிழ்விடுகிறது. குமிழைவிடக் கெடுதல் கண்ணுக்குத் தெரியாதது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பி.எல்.ஏ. சங்கிலியின் சராசரி மூலக்கூறு எடை 1,00,000 என்று கொள்வோம். ஒரு சங்கிலியை ஓரிடத்தில் அறுக்க ஒரு நீர் மூலக்கூறு போதும். அதன் எடை 18. ஆக, 1,00,000 கிராம் பி.எல்.ஏ.வில் 18 கிராம் தண்ணீர், அதாவது 0.018 விழுக்காடு, முழுதும் வினைபுரிந்தால் எல்லாச் சங்கிலிகளும் சராசரியாக இரண்டாகிவிடும். பி.எல்.ஏ.வை உருக்குவதற்கு முன் ஈரத்தை 0.025 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவரச் சொல்வதற்கு இந்தக் கணக்கே காரணம். நூற்பகத்தின் ஆவி படிந்த மூலையில் ஃபிலமென்ட் சுருளைத் திறந்து வைப்பது எத்தனை தவறு என்பது இதிலிருந்து விளங்கும். நைலானை 80 டிகிரியில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியிலிருந்தே நேரடியாக இயந்திரத்துக்கு ஊட்டுங்கள்.

கூடு உலர்த்தும் அறையில் வைக்க வேண்டாம். பச்சைக் கூடு உலர்ந்து முடியும்போது ஏறத்தாழ 40 விழுக்காடு எடைக்கு வந்துவிடும். மீதி எடை முழுவதும் அந்த அறையின் காற்றில் நீராவியாகக் கலந்து வெளியேறுகிறது. கூட்டோடு சேர்த்து வைத்தால் நைலான் உலர்வதற்குப் பதிலாக ஊறும். தொடக்கத்தில் வைக்கிற 100 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் சுருள் சட்டமும் கோணலாகும்.

அடுக்கு பிரிந்ததைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். சூடான அடுக்கு ஒன்று, முன்பு இட்ட அடுக்கின் மேல் படியும்போது இரண்டின் சங்கிலிகளும் எல்லையைக் கடந்து ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சிக்க வேண்டும். அப்போதுதான் அது ஒட்டு. இந்த நகர்வை 1971-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பியர்-ஜில் த ஜென் விளக்கினார். 1991-இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. சிக்கலான நூல்கண்டுக்குள் மாட்டிய ஒரு நூலைப் பக்கவாட்டில் இழுத்தால் வராது. அதன் முனையைப் பிடித்து, அது போன வழியாகவே உருவினால்தான் வரும். பலபடிச் சங்கிலியும் அப்படியே, தன் நீளத்தின் வழியாகப் பாம்பைப் போல ஊர்ந்துதான் நகர முடியும். இந்தக் கோட்பாட்டின்படி ஒட்டின் வலிமை, நேரத்தின் நான்காம் படிமூலத்துக்கு ஏற்பவே கூடுகிறது. வலிமை இரு மடங்காக வேண்டுமென்றால் நேரம் பதினாறு மடங்காக வேண்டும். அச்சிடும்போது அடுக்கு எல்லை போதிய சூட்டில் இருப்பதோ சில விநாடிகள் மட்டுமே. ஆகவே வேகத்தைச் சற்றுக் குறைப்பதால் கிடைக்கும் பயன் சிறிது. சூட்டைக் கூட்டினால் ஊர்தலின் வேகம் பல மடங்கு உயர்வதால், நாசில் சூட்டைப் பத்துப் பதினைந்து டிகிரி கூட்டுவதும், விசிறியை நிறுத்துவதும், இயந்திரத்தைப் பெட்டிக்குள் மூடுவதுமே நல்ல வழி. பல்லின் மீது விழும் விசை அடுக்கைப் பிரிக்காமல் அடுக்கின் தளத்திலேயே விழும்படி, சக்கரத்தைப் படுக்கவைத்து அச்சிடவும் வேண்டும். பல் பிரிந்த விதத்தைப் பார்த்தால் நீங்கள் அதை நிற்கவைத்து அச்சிட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

கரண்டிக்கு என் பரிந்துரை பாலிப்ரொப்பிலீன். அதன் கண்ணாடி நிலைமாற்றம் பூச்சிய டிகிரியை ஒட்டியது. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் அதை முதலிலேயே ஒதுக்கிவிடுவோம். அதைத் தாங்குவது 160 டிகிரிக்கு மேல் உருகும் படிகங்கள். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட சங்கிலி என்பதால் தண்ணீர் அறுப்பதற்கு எஸ்டரும் இல்லை, பற்றிக்கொள்வதற்கு அமைடும் இல்லை. வீடுகளில் சுடுநீர்க் குழாய் போடுவதும், ஆய்வகத்தில் 121 டிகிரி நீராவியில் நுண்ணுயிர் நீக்கும் பாத்திரங்கள் செய்வதும் இந்தக் குடும்பத்துப் பிளாஸ்டிக்கில்தான். தொட்டியில் கை தவறி விழுந்தாலும் மிதக்கும். அதன் அடர்த்தி 0.9. ஆனால் 95 டிகிரியில் அது விறைப்பாக இருக்காது. ஆகவே தடிமனாகவும் முதுகில் விலா எலும்பு போன்ற வரம்புகளோடும் வரைய வேண்டும். விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும் என்பதால் 3 மில்லிமீட்டரை 4 ஆக்கினாலே இரு மடங்குக்கு மேல் கிடைக்கும்.

எங்கள் இருவர் சொல்லையும் நம்பிப் பொருள் வாங்குவதற்கு முன் நீங்களே சோதித்துப் பாருங்கள். 120 மில்லிமீட்டர் நீளம், 10 அகலம், 4 தடிமன் கொண்ட பட்டைகளை முழு நிரப்பலோடு அச்சிடுங்கள். 100 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு தாங்கிகளின் மேல் படுக்கவைத்து, நடுவில் 50 கிராம் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, 95 டிகிரித் தண்ணீரில் ஒரு மணி நேரம் வையுங்கள். அந்த 50 கிராம் பட்டையில் ஏறத்தாழ 0.45 மெகாபாஸ்கல் தகைவைத் தரும். 200 கிராம் போட்டால் 1.8 மெகாபாஸ்கல். தரவுத் தாள்களில் வெப்ப வளைவு வெப்பநிலை (சுமையின் கீழ் பட்டை குறிப்பிட்ட அளவு வளையும் சூடு) கொடுக்கப்படும் இரண்டு சுமைகளும் இவையே. விற்பவர் தரும் தாளில் எந்தச் சுமைக்கு எந்த எண் என்று கட்டாயம் பாருங்கள். உலர்ந்த நைலான் 6-க்கு சிறிய சுமையில் 150 டிகிரிக்கு மேல் காட்டும் எண், பெரிய சுமையில் 60 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். கல் இரும்பாக இருந்தால் தண்ணீருக்குள் அதன் எடையில் எட்டில் ஒரு பங்கு அளவு குறையும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓசூர் வார்ப்புக்கூடம்

ஆசிரியர் சொன்னதை ஏற்கிறேன். பாலிகார்பனேட் மணிகளை 120 டிகிரியில் நான்கு மணி நேரம் உலர்த்தாமல் வார்ப்பு இயந்திரத்தில் போடக் கூடாது என்பது எங்கள் கூடத்தின் விதி. உலராமல் போட்டால் பாகம் கையிலேயே முறியும். அதே வினை கொதிநீர்த் தொட்டியிலும் மெதுவாக நடக்கும் என்பதை நான் எண்ணிப்பார்க்காமல் எழுதிவிட்டேன்.

பாலிப்ரொப்பிலீனை அச்சிடுவதில் இரண்டு தொல்லைகள் வரும். முதலாவது சுருக்கம். வார்ப்பில் ஏ.பி.எஸ். அரை விழுக்காட்டை ஒட்டிச் சுருங்கும்; பாலிப்ரொப்பிலீன் குளிரும்போது படிகமாவதால் 1 முதல் 2 விழுக்காட்டுக்கு மேலும் சுருங்கும். மூலைகள் தளத்தை விட்டு எழுந்துகொள்ளும். இரண்டாவது, அது எதிலும் ஒட்டாது. கண்ணாடித் தளத்தில் நிற்கவே நிற்காது. அதற்கு எளிய வழி, அட்டைப்பெட்டி ஒட்டும் பழுப்பு நிற பேக்கிங் டேப். அந்த டேப்பும் பாலிப்ரொப்பிலீன் தாள்தான் என்பதால், சூடான பாலிப்ரொப்பிலீன் அதன் மேல் பற்றிக்கொள்ளும். ஃபிலமென்ட் வாங்கும்போது தனிப் புரொப்பிலீனாக இல்லாமல், கொஞ்சம் எத்திலீன் கலந்த கோபாலிமரைக் கேளுங்கள். படிகம் குறைவு என்பதால் வளைவும் குறையும். சூட்டைத் தாங்குவதும் சற்றுக் குறையும். ஆகவே கழுத்தைத் தடிமனாக்குங்கள்.

பாலக்கோடு பணிமனை (கேட்டவர், ஒரு மாதத்துக்குப் பின்)

மூவருக்கும் என் நன்றி. ஆசிரியர் ஐயா ஊகித்தது சரி. சக்கரத்தை நிற்கவைத்துத்தான் அச்சிட்டிருந்தேன். நூற்பாளர் ஐயா சொன்னபடி கழற்றிக் கழுவியும் பார்த்தேன். உப்பு நிறைய வந்தது, ஆனால் கழுவிய பின்னும் பல் இறுக்கமாகவே இருந்தது. வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்தேன், 40.6 மில்லிமீட்டர் காட்டியது.

பட்டைச் சோதனையை வீட்டு அடுப்பிலேயே செய்தேன். பெட்-ஜி பட்டை 50 கிராமைக்கூடத் தாங்கவில்லை. சில நிமிடங்களில் நடுப்பகுதி பாத்திரத்தின் அடியைத் தொட்டது. 100 டிகிரியில் ஒரு மணி நேரம் பதப்படுத்திய பி.எல்.ஏ. முதல் நாள் அசையவே இல்லை. விற்றவர் சொன்னது சரிதானோ என்று நினைத்தேன். தினமும் எட்டு மணி நேரம் சுடுநீரில் வைத்து எடுத்தேன். நிறம் மங்கி, ஐந்தாம் நாள் தாங்கியிலிருந்து எடுக்கும்போது விரல்களுக்கு இடையில் முறுக்கைப் போல முறிந்தது. பாலிப்ரொப்பிலீன் 50 கிராமுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் தொய்ந்து, கல்லை எடுத்ததும் பெரும்பாலும் நிமிர்ந்தது. 200 கிராமுக்கு ஆறு மில்லிமீட்டர் தொய்ந்தது. அதில் பாதி நிமிரவில்லை.

அதை வைத்துக் கரண்டியை மறுபடி வரைந்தேன். கழுத்து 7 மில்லிமீட்டர். முதுகில் மூன்று வரம்புகள். கூடு படும் பக்கத்தை டேப்பின் மேல் கவிழ்த்து அச்சிட்டதால், அந்தப் பக்கம் டேப்பின் வழவழப்பையே பெற்றுவிட்டது. அடுக்குக் கோடு இல்லை. பென்னாகரம் சாலை ஐயாவின் நூற்பகத்தில் பன்னிரண்டு நாட்களாக ஓடுகிறது. பல்சக்கரத்தை ஓசூரில் அசிட்டாலில் வெட்டி வாங்கி மாட்டிவிட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சமிருக்கிறது. கரண்டியை இரவில் கழுவி வெளியே வெயில் படும் திண்ணையில் காயவைக்கிறார்கள். காலையில் எடுப்பதற்குள் சில மணி நேரம் வெயில் விழுகிறது. அதனால் கெடுமா?

கிருஷ்ணகிரி வேதியியல் ஆசிரியர்

கெடும். பாலிப்ரொப்பிலீன் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் மெத்தில் தொகுதி இருக்கிறது. அந்தக் கார்பனில் உள்ள ஹைட்ரஜன் எளிதில் பறிபோகும்; வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து அங்கே தொடங்கிச் சங்கிலியை அறுக்கும். பாதுகாக்கும் பொருள்களைச் சேர்த்துத்தான் விற்கிறார்கள் என்றாலும், திறந்த வெயிலில் கிடந்தால் மேற்பரப்பு வெளுத்து மாவு போல உதிரத் தொடங்கும். அந்த மாவுத் தூள் கூட்டில் ஒட்டுவதும் நல்லதல்ல. கூரைக்குக் கீழே ஓர் ஆணியில் மாட்டிவைக்கச் சொல்லுங்கள். கழுத்தின் உட்புற வளைவை வாரம் ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். வெண்கோடு தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.

நூற்பாளர், பென்னாகரம் சாலை

ஆணி அடித்துவிட்டேன். தம்பி, இன்னும் நான்கு கரண்டிகள் வேண்டும். அடுத்த முறை கைப்பிடியை இரண்டு விரற்கடை நீளமாக வரையுங்கள். பெண்களின் கைக்கு ஆவி படுகிறது.